மாவு ஜாடிக்குப் பின்னால் ஓடிய ஊர்

டாசன், 1899 ஜனவரி 9

இன்றும் என் கடையில் ரொட்டி உச்சிப்பொழுதுக்குள் விற்றுத் தீர்ந்தது. என் புருஷன் ஆம்புரோஸ் வழக்கம்போலத் தங்கம் தேடும் குழிக்குள் தீ மூட்டி, உறைந்த மண்ணை இளக்கித் தோண்டி, வெறும் சரளைக்கல்லோடு வீடு வந்தான்.

"நாளைக்குத் தங்கம் கெடைச்சிடும் ஹெட்டி!"

போன வருஷத்திலிருந்து அந்த நாளை வரவில்லை. இந்த வீட்டில் அடுப்பெரிவது, ரொட்டியைப் பொங்க வைக்க நான் ஜாடியில் வளர்க்கும் புளித்த மாவால். குளிரில் அது செத்தால் கடையை மூட வேண்டியதுதான். ராத்திரி ஜாடியைக் கட்டிக்கொண்டு படுக்கிறேன். புருஷன் ஓரத்தில் கிடக்கிறான்.

ஜனவரி 11

போச்சு! எல்லாம் போச்சு! காலுறை காயப்போட இடம் வேண்டுமாம் — அடுப்போரம் இருந்த ஜாடியைத் தூக்கி வாசலில் வைத்திருக்கிறான். உறைந்து, ஜாடி வெடித்து, பக்கத்து வீட்டின் பனிவண்டி இழுக்கும் நாய்கள் மாவை வழித்து நக்கிவிட்டன.

"யோவ், மூளை இருக்கா உனக்கு?"

"காலுறை நல்லா காஞ்சிருக்கு பாரு."

அந்தக் காலுறையாலேயே அவனை அடித்தேன்.

ஜனவரி 12

அவனோடு பேச்சில்லை. மற்ற ரொட்டிக்கடைக்காரர்கள் ஒரு கரண்டி மாவு தர மாட்டார்கள். மேல் ஓடையில் தனியாக இருக்கும் ஹால்வர் கிழவரிடம் உண்டு. மனுஷ முகமே பிடிக்காதவர். கொடுப்பாரா? நாளை விடியுமுன் யாருக்கும் தெரியாமல் போகிறேன்.

ஜனவரி 14

எழுத உட்கார்ந்தால் சிரிப்பு வருகிறது.

நேற்று ஆம்புரோஸின் பழைய கோட்டை மாட்டி, முகத்தைக் கம்பளியால் மூடி, காலி ஜாடியை அணைத்தபடி கிளம்பினேன். இந்த ஊரில் ஒருவர் விடியுமுன் மூட்டையோடு நழுவினால் போதும். எங்கோ தங்கம் பார்த்துவிட்டார் என்று ஊரே பின்னால் கிளம்பும். நானே எத்தனை பேர் பின்னால் ஓடியிருக்கிறேன்! அப்படியும் உறைக்கவில்லை.

பாதி வழியில் திரும்பினால் லாந்தர் வரிசை. மதுக்கடைக்காரன், பல் பிடுங்குகிறவன், பாதிரியார்கூட. நான் மூக்குச் சிந்த நின்றால் அவர்களும் நிற்கிறார்கள்.

ஹால்வர் கதவைத் திறந்தார். "யாருப்பா இவங்க எல்லாம்?"

"தெரியாது பெரியவரே. எனக்கு ஒரு கரண்டி புளிச்ச மாவு வேணும்."

அதற்குள் பின்னால் வந்தவர்கள் ஹால்வரின் கழிப்பறையைச் சுற்றிக்கூட 'இது என் இடம்' என்று முளை அடித்துவிட்டார்கள். ஒருவன் மூச்சிரைக்க என்னிடம் வந்தான். "ஐயா, உங்க புண்ணியத்துல நானும் இடம் பிடிச்சிட்டேன்! என் பொண்டாட்டிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. ஏற்கெனவே கோவத்துல இருக்கா."

கம்பளியை இறக்கினேன். ஆம்புரோஸ் அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டான்.

"ஹெட்டி... அப்போ தங்கம்?"

"மாவுய்யா, மாவு!"

ஹால்வர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கரண்டி கேட்டவளுக்கு அரை வாளி தந்தார். அவசரத்தில் ஒருவனும் சாப்பாடு கொண்டுவரவில்லை. அவர் அடுப்பிலேயே அந்த மாவை அடையாகச் சுட்டேன். தங்கம் இல்லையென்று தெரிந்து என்னை உதைக்க வந்தவர்கள் எல்லாம் வரிசையில் நின்றார்கள். ஆம்புரோஸ்தான் பரிமாறினான், தலை நிமிராமல்.

பிப்ரவரி 20

விடியுமுன் பல் பிடுங்குகிறவன் மூட்டையோடு நழுவினான். ஊரே ஓடியது. ஆம்புரோஸும் பூட்ஸை மாட்டினான். நான் மாவு ஜாடியைத் திறந்தேன். ஜன்னலைப் பார்த்தான், ஜாடியைப் பார்த்தான். "மாவு பொங்கற நேரம்," என்று முனகி, பூட்ஸைக் கழற்றிவிட்டுப் பிசைய வந்தான்.

"இந்தக் காலுறை ஈரமா இருக்கே, எங்க போட?"

"வெளியே."

போட்டுவிட்டு வந்தான். நாய்கள் மோந்து பார்த்துவிட்டு ஓடிவிட்டன.