கழுத்து ஒட்டிய பிள்ளையும் என் கையிலிருந்த ஊசியும்

என் செல்லத் தம்பி,

மெர்டேக்கா வந்து நாடு சுதந்திரமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுத்துவந்த வெள்ளைக்கார டாக்டர் கப்பலேறிவிட்டார். நீ இருந்திருந்தால் அந்த இடம் உனக்குத்தான். இப்போது அங்கே நான் நிற்கிறேன். நிற்கக் கூசுகிறது.

போன வாரம் காஜா பேராங் கம்பத்திலிருந்து, மலாய் பேசும் செட்டிக் குடும்பத்துப் பெண்குழந்தை ஒன்று வந்தது. நாலு வயது. எப்போதோ கொதியெண்ணெய் கொட்டி, ஆறிய தழும்பு மோவாயை நெஞ்சோடு இழுத்து ஒட்டிவிட்டது. தலை நிமிராது, வாய் பாதிதான் திறக்கும். தழும்பை அறுத்துக் கழுத்தை விடுவிக்க வேண்டும்.

முகமூடியில் ஈதரைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். கண் செருகியதும் மூச்சு கரகரத்தது. எனக்குப் பயம் வந்துவிட்டது. சீக்கிரம் தொண்டைக்குள் குழாயைப் போட்டுவிடலாம் என்று, உடம்பைத் தளர்த்தும் ஊசியைக் கையில் எடுத்தேன். தசை தளரும். தழும்பு தளருமா, தம்பி?

இதற்காக நீ என்னோடு எத்தனை முறை வாதாடியிருக்கிறாய். “மூச்சு விடுற பிள்ளைக்கு அத போடாதீங்கண்ணே. மூச்சு நின்னுரும். அப்புறம் குழாய் போகலன்னா என்னா செய்வீங்க? மொதல்ல தழும்ப அறுக்கச் சொல்லுங்க.”

ஊசியைக் கீழே வைத்தேன். நாக்கை இடுக்கியால் முன்னே இழுத்துப் பிடித்ததும் கரகரப்பு அடங்கியது. தழும்பை மரக்கவைத்து முதலில் அதை மட்டும் அறுத்துவிடும்படி சர்ஜனிடம் கேட்டுக்கொண்டேன். மோவாய் மெல்ல நிமிர்ந்தது. அதன்பின் குழாய் தடையில்லாமல் போனது.

வெளியே வந்ததும் சர்ஜன் என் தோளைத் தட்டினார். குழந்தையின் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் சிரித்துக்கொண்டு நின்றேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மறுநாள் வார்டுக்குப் போனேன். அந்தத் தாய்க்குத் தமிழ் வராது. மலாயிலேயே சொன்னேன்: அது இறந்துபோன என் தம்பியின் முறை, என் கை முதலில் தப்பான ஊசிக்குத்தான் போனது என்று. அவள் கோபப்படவில்லை. குழந்தையின் தலையைக் கோதியபடி, “நாசிப் பாய்க் அடெக் டாக்டர் டாத்தாங்,” என்றாள். நல்லவேளை, உங்கள் தம்பி வந்தார்.

நீ இறந்துவிட்டாய் என்று சொன்னேனே, அவளுக்குப் புரியவில்லையா? அல்லது எனக்குத்தான் புரியவில்லையா?

இனி மயக்கம் கொடுக்கப் பழக வருகிற ஒவ்வொருவரிடமும் என் கை அந்த ஊசிக்குப் போனதை முதலில் சொல்வேன். அதன் பிறகுதான் உன் முறையையும் உன் பெயரையும் சொல்வேன். இது சத்தியம்.

தலைகுனிந்து,
உன் அண்ணன்