படிக்கட்டில் நின்ற உண்டியல்

அக்கா,

அன்று அந்தப் படிக்கட்டிலிருந்து நீங்கள் ஏன் இறங்கிப் போகவில்லை? இத்தனை வருடம் யோசித்தும் எனக்குப் பதில் தெரியவில்லை. நீங்களும் போய்விட்டீர்கள்.

நேற்று பக்கத்து ஃப்ளாட்டில் சங்கராந்தி ஹல்தி குங்கும். வந்த பெண்களுக்கெல்லாம் மஞ்சள் குங்குமம் வைத்து, கையில் ஒரு பரிசுப் பொருளும் கொடுத்தார்கள். எள்ளும் வெல்லமும் மணந்தன. வழக்கம்போல் நான் உள்ளே போகவில்லை. வாசலிலேயே ஒரு ப்ளாஸ்டிக் சோப்பு டப்பாவைக் கொடுத்தார்கள். உங்கள் குரல்தான் கேட்டது: "ஒரு வீட்ல எத்தன சோப்பும்மா இருக்கும்? டப்பா மட்டும் குமிஞ்சு கெடக்குது."

அப்படிச் சொல்லித்தான் சிஞ்ச்வட் ஃப்ளாட் சொசைட்டிப் பெண்களைச் சிரிக்கவைத்து வழிக்குக் கொண்டுவந்தீர்கள். அந்த வருடம் பரிசுப் பொருள் வேண்டாம், அந்தப் பணம் நம் உண்டியலுக்கு என்று ஏற்பாடு. புற்றுநோய் வார்டுக் குழந்தைகளுக்காக நாம் சிலர் அலைந்த காலம். கொடுப்பவர்கள் தங்கள் மன நிம்மதிக்குத்தான் கொடுக்கிறார்கள் என்பேன் நான். "எதுக்காச்சும் குடுக்கட்டும். மருந்துக்குத் தெரியவா போவுது?" என்பீர்கள்.

அந்த வார்டில் இருந்த வைஷாலிக்கு ஆறு வயது. அடுத்த ஊசி மருந்தை நாம்தான் வெளியில் வாங்கித் தர வேண்டும். அவள் அப்பா ரிக்‌ஷாவை ஏற்கெனவே விற்றிருந்தார். அந்த மாலை வசூலைத்தான் நம்பியிருந்தோம்.

ஒன்று மட்டும் எனக்கு அப்போது தோன்றவே இல்லை. ஆர்டினன்ஸ் ஃபாக்டரியில் இருந்த உங்கள் கணவர் இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஹல்தி குங்குமத்துக்குச் சுமங்கலிகளைத்தான் அழைப்பார்கள்.

கதவைத் திறந்த வீட்டுக்காரி, தமிழ்க்காரிதான், உங்களைப் பார்த்து நெளிந்தாள்.

"தப்பா நினைச்சுக்காதீங்க. மாமியார் இருக்காங்க. நீங்க வெளியிலயே வாங்கிக்கிறீங்களா? இவங்க உள்ள வரட்டும்."

"போயிடலாம்க்கா," என்றேன்.

"கோவத்த பஸ்ல வச்சுக்கலாம். நீ உள்ள போ. பொட்டு வச்சிக்கிட்டவங்கள சட்டுனு வெளிய அனுப்பு."

அனுப்பினேன். படிக்கட்டில் உண்டியலோடு நின்ற உங்கள் கை படாமல், ஒவ்வொருத்தியும் உயரத்திலிருந்து நோட்டை உள்ளே விட்டாள். ஒவ்வொருத்திக்கும் "நல்லாருங்க" என்றீர்கள். திரும்பும்போது பஸ்ஸில் உண்டியலை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்த்தபடி வந்தீர்கள். "கனமாத்தான் இருக்குது" என்றீர்கள்.

மறுநாள் நடந்தது இது. காலையில் மருந்தோடு வார்டுக்குப் போனோம். வைஷாலியின் கட்டிலுக்கு வேறு விரிப்பு போட்டுக்கொண்டிருந்தார்கள். விடியும் முன்பே போய்விட்டாள். வேறு எந்தப் பிள்ளைக்காவது ஆகட்டும் என்று மருந்தை நர்ஸிடம் கொடுத்தீர்கள். மாலையில் விஷ்ராந்த்வாடியில் இன்னொரு வீட்டு ஹல்தி குங்கும். அதற்கும் போனீர்கள். யாரும் சொல்வதற்கு முன்பே படிக்கட்டில் நின்றுகொண்டீர்கள். வீட்டுக்காரி என்னை உள்ளே கூப்பிட்டாள்.

"பரவாயில்லைங்க, நான் இங்கயே நிக்கிறேன்," என்றேன்.

"லூசு," என்று சொல்லிவிட்டு, உண்டியலின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொள்ள என்னிடம் கொடுத்தீர்கள்.