ஆண்டவர் வழியாகப் பேசும் அம்மாவுக்கு

அம்மா,

நீங்கள் மாதர் கூட்டத்துக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து எனக்குச் சிங்கப்பூர் கல்லூரிக்கு ரயில். வீட்டுச் சாவி எதிர்வீட்டுப் பவுனம்மாள் அக்காவிடம். மாலையில் போதகர் காப்பிக்கு வருகிறாராம்; பிஸ்கட் டின்னில் நான் மிச்சம் வைத்ததை அவருக்குக் கொடுங்கள்.

அவருடைய பிரசங்கத்தின் நீளத்தைக் கல்லூரிப் பத்திரிகையில் நான் கேலி செய்தது தெரிந்த நாள் முதல் நீங்கள் என்னோடு பேசவில்லை. ஆனால் குடும்ப ஜெபத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறீர்கள். “ஆண்டவரே, மீன் கொழம்பு அடுப்புல இருக்கு, பசிச்சா இந்தப் புள்ள போட்டுத் தின்னட்டும்!” சர்வலோகத்தையும் ஆளுகிறவருக்கு நம் வீட்டில் எடுபிடி வேலை. நேற்று என் கிழிந்த சட்டையைப் பற்றியும் அவரிடம் முறையிட்டீர்கள். காலையில் அது தைத்துக் கிடந்தது.

பெட்டிமேல் புளிச்சோற்றுப் பொட்டலம் இருந்தது. வேதத்தில் எலியா தீர்க்கதரிசிக்குக் காகம் சாப்பாடு கொண்டுவந்ததுபோல எனக்கும் கொண்டுவந்தது என்று எடுத்துக்கொண்டேன்.

அருமைநாயகம்

பி.கு.: போதகரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். நான் சுருக்கமாகத்தான் கேட்டேன். அவர்தான் முக்கால் மணி நேரம் மன்னித்தார்.

இன்னொன்று. வியாழக்கிழமை பரீட்சை. எனக்குப் பயமே இல்லை என்று நண்பர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன், நீங்களும் காட்டிக்கொடுக்க வேண்டாம். விடிகாலையில் சுவருக்கு அப்பால் நீங்கள் வேதத்துச் சங்கீதங்களை வாசிப்பதைக் கேட்டுத்தான் எனக்கு எழுந்து பழக்கம். விடுதியில் மணி மட்டும்தான் அடிப்பார்கள். அதனால் இன்றிரவு என் பெயரைச் சொல்லிக் கொஞ்சம் சத்தமாகவே ஜெபியுங்கள். நம் பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலிருந்து சிங்கப்பூர் தூரம்.