எண்பதாயிரம் புள்ளிக்கு ஓர் அறை

அன்புள்ள மார்சி,

உன் முழங்கால் வலி குறைந்ததா? ஒமாகாவில் காற்றாலை வேலையும் நானும் நன்றாகவே இருக்கிறோம். இதைச் சிரித்துக்கொண்டே படி, வயிறு எரிவது எனக்குத்தான்.

ஓட்டலில் தங்கித் தங்கி நான் சேர்த்த இலவசப் புள்ளிகளைக் கொடுத்து, நம் திருமண நாளுக்கு அந்த ஏரிக்கரை ஓட்டலில் அறை எடுக்கலாம் என்று போன் செய்தேன்.

“ஒரு ராத்திரிக்கு எண்பதாயிரம் புள்ளி சார்” என்றாள் போனை எடுத்த ஓட்டல் பெண்.

“போன வருஷம் நாப்பதாயிரம்தானேம்மா?”

“இப்ப ஏத்திட்டாங்க சார். காசா கொடுத்தா நூத்தித் தொண்ணூறு டாலர்தான்.”

“அப்போ என் புள்ளி ஒண்ணு கால் சென்ட் கூடப் பெறாதா?”

“நீங்க எங்க தங்க அட்டை வாடிக்கையாளர் சார், தண்ணி பாட்டில் இலவசம்!”

போனைச் சுவரில் அடிக்காமல் விட்டதே பெரிது. சனி, ஞாயிறு தங்கினால் புள்ளி இரட்டிப்பு என்று ஆறு வாரம் வீட்டுக்கு வராமல் அதே கம்பெனியின் இந்த ஒமாகா ஓட்டலிலேயே கிடந்தேன். “உனக்குப் புள்ளிதான்டா பொண்டாட்டி”ன்னு நீ கத்தினாய். உனக்குக் கணக்குத் தெரியாது என்றேன். தெரியாதவன் நான்தான்.

என் தலையணையைத் துவைத்து வை, இங்குள்ளது கல். வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன். வெள்ளிக்கிழமை வருகிறேன். ஓட்டல் வேண்டாம். கட்டிலில் என் பக்கம் நீ குவித்திருக்கும் துணிகளை மட்டும் எடுத்துவிடு.

உன்
லோவெல்