நாலு வரிச் செங்கல்

உ

ஜாசின்
14.8.1994

அன்பு மகன் புவனேஸ்வரனுக்கு அம்மா முத்தாயி எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் தேவி அக்காவும் சுகம், அக்கா பெற்ற உன் குட்டி மருமகளும் சுகம். நீயும் அந்தக் குளிர் நாட்டில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கு ஏற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளை பிறந்ததை மாப்பிள்ளை கணேஸ்வரன் போனில் சொல்லியிருப்பார், ஆனால் அதற்கு முன்னால் இந்த வீட்டில் நடந்ததை யாரும் உன்னிடம் சொல்லியிருக்கமாட்டார்கள். பரீட்சை நேரத்தில் பிள்ளையைக் கலங்கடிக்காதே என்று அப்பா எனக்கு வாய்ப்பூட்டு போட்டிருந்தார். போன வாரம்தான் எல்லா வேலையும் முடிந்தது, எனக்கும் பாரம் இறங்கியது, அதனால் எழுதுகிறேன்.

நம் அடுப்படிதான் உனக்குத் தெரியுமே. பழைய விறகடுப்புக்கு மேலே சுவர் இரண்டடி முன்னால் துருத்திக்கொண்டு, அப்படியே புகைக்கூண்டாகக் கூரையைத் தாண்டிப் போகும். கேஸ் அடுப்பு வாங்கி ஆறு வருஷம் ஆகியும் அது பாதி இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறதே என்று எனக்கு எரிச்சல். அக்கா தலைப்பிரசவத்துக்கு வருவதற்குள் அதை இடித்துவிட்டு, எதிர்வீட்டுக் கருப்பாயி அக்கா வீட்டில் இருப்பது மாதிரி நீளமாக ஒரு கேபினட் வைத்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். அப்பா, அது பாட்டுக்கு இருக்கட்டுமே என்றார். மூன்று நாள் அவரோடு பேசவில்லை, நாலாம் நாள் கண்ட்ராக்டர் வடிவேலு வாசலில் வந்து நின்றார். கூரைக்கு மேலே இருப்பதைத் தொடாதே, அடுப்படிக்குள் துருத்திக்கொண்டிருப்பதை மட்டும் எடு, சீக்கிரம் முடியும் என்று அவருக்கு யோசனை சொன்னதும் நான்தான். அவர் இந்த வட்டாரத்தில் எத்தனையோ வீடு கட்டியவர், ஆனால் புகைக்கூண்டை இடித்ததில்லை. அவரும் சரி என்றுவிட்டார்.

அடுப்பு வாய்க்கு மேலே நாலு வரிச் செங்கல்தான் எடுத்திருப்பார், மாப்பிள்ளையின் கார் வந்து நின்றது. பத்து பெரண்டாமில் அவர் வேலை செய்யும் பேக்டரியில் ஷிப்ட் மாறிவிட்டதாம், அக்காவைத் தனியாக விட முடியாமல் சொன்ன நாளுக்கு ஒரு வாரம் முன்னாலேயே கூட்டிவந்துவிட்டார். ஏழு மாத வயிற்றோடு அவள் வீட்டுக்குள் கால் வைத்ததும் அப்பா நேரே போய் வடிவேலு கையிலிருந்த சுத்தியலை வாங்கிக் கீழே வைத்துவிட்டார். பிள்ளைத்தாச்சி இருக்கும் வீட்டில் இடிக்கக் கூடாது, ஆணி கூட அடிக்கக் கூடாது, நம்மவர்களும் ஆகாது என்பார்கள் மலாய்க்காரர்களும் பந்தாங் என்பார்கள், உனக்குத் தெரியாதா என்று என்னைக் கேட்டார். தெரியும்தான். இருந்தாலும் நான் என்ன சொன்னேன் தெரியுமா, அவளைக் கருப்பாயி அக்கா வீட்டில் உட்காரவைத்துவிட்டு இன்றைக்கே முடித்துவிடலாமே என்றேன். அப்பா என்னை முறைத்துவிட்டு வடிவேலுவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பாதி உடைந்த அடுப்படியில் சமைத்துக்கொண்டு ஒரு வாரம் முனகிக்கொண்டே இருந்தேன்.

அக்காவுக்கு அடுப்படிக்குப் பின்னால் உள்ள ரூமைக் கொடுத்திருந்தோம், கட்டிலின் தலைமாடு அந்தச் சுவரோடு ஒட்டி இருந்தது. காலையில் அவள் தலையணையில் சிவப்பாகத் தூசி கிடக்கும். கரையான் வேலை என்று நான் தட்டித் தட்டி விட்டேன். ஏழாம் நாள் அப்பா அதை விரலில் தேய்த்துப் பார்த்து, இது செங்கல் தூள் என்று சொல்லி வடிவேலுவைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் ஏணி வைத்துக் கூரைக்குள் தலையை விட்டவர், இறங்கி வந்து படியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். சுவரில் விரல் போகும் அளவுக்கு வெடிப்பாம். கூரைக்கு மேலே ஆள் உயரத்துக்கு நிற்கும் புகைக்கூண்டுக்குக் கீழே உத்தரம் எதுவும் இல்லையாம், நான் எடுக்கச் சொன்ன சுவர்தான் அதைத் தாங்கிக்கொண்டிருக்கிறதாம். “இன்னும் ரெண்டு வரி எடுத்திருந்தா மொத்தமும் இந்த ரூம்புக்குள்ளதான்லா வந்திருக்கும்மா” என்றார்.

அன்றைக்கே அக்காவைக் கருப்பாயி அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். ஆனால் அவள் எங்கே இருந்தாலும் பிள்ளை பிறக்கும் வரை இடிக்கவும் கூடாது, அப்படியே விடவும் முடியாது. அப்பாவும் வடிவேலுவும் தடித்த கட்டைகளைக் கொண்டுவந்து சுவருக்கு முட்டுக் கொடுத்து, ஒரு ஆணி கூட அடிக்காமல் எல்லாவற்றையும் கயிற்றால் இறுக்கிக் கட்டினார்கள். ஒன்றரை மாதம் நான் அதற்குக் கீழே போகவில்லை, பின்வாசலில் வைத்துத்தான் சமைத்தேன். மழைக்காற்று அடிக்கும்போதெல்லாம் முருகா முருகா என்று கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆஸ்பத்திரியில் பிள்ளை அழுத சத்தம் கேட்டபோது நான் அழுததைப் பார்த்து நர்ஸ், பாட்டிக்குத்தான் முதலில் மருந்து கொடுக்க வேண்டும் போல என்று கேலி செய்தாள்.

முப்பத்தொன்றாம் நாள் பேர் வைத்த பிறகு வடிவேலு மேலேயிருந்து ஒவ்வொரு கல்லாக இறக்கினார். கூரைக்கு மேலே இருந்தது முழுக்கப் போய்விட்டது, ஓடு போட்டு மூடியாயிற்று. அடுப்படிக்குள் இருப்பதை இடிக்கவில்லை. எடுத்த நாலு வரியையும் மறுபடி கட்டி, வெடிப்பைப் பூசி, பழைய அடுப்பு வாய்க்குள் வெள்ளை டைல்ஸ் ஒட்டி கேஸ் அடுப்பை அங்கேயே வைத்துவிட்டோம். கேபினட் வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். உன் மருமகள் இப்போது அந்த ரூமில்தான் தொட்டிலில் தூங்குகிறாள்.

ஊரெல்லாம், பந்தாங் பார்த்தீர்கள், பிள்ளை பிழைத்தது என்று என்னைப் புகழ்கிறார்கள். அப்பாவும் வாயைத் திறக்காமல் சிரித்துக்கொண்டிருக்கிறார். உன்னிடம் மறைக்க எனக்கு மனசு வரவில்லை அய்யா. மே மாதம் நீ போன் பண்ணியபோது, சுவரை இடிக்கப் போகிறோம் என்றேன், அதுக்கு மேல என்னம்மா இருக்கு என்று கேட்டாய். ஒன்றுமில்லை, ஆகாயம்தான் என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன். மகன் இஞ்சினியருக்குப் படிக்கிறான் என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் கூடச் சொல்லுகிறவள், நீ கேட்டதற்கு ஒரு தடவை நிமிர்ந்து பார்க்கவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. மாரியாத்தா உனக்குத் துணையிருப்பாள், நீ நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்க வேண்டும். இன்னொன்று, மறந்துவிடாதே. இனி நான் ஒன்றுமில்லை என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதே அய்யா, இன்னொரு தரம் கேள்.

உன்னை எப்போதும் நினைத்திருக்கும் அம்மா,
கா. முத்தாயி