திறக்காத மூடிகள்

ஏங்க,

தையல் கடைக்குக் கிளம்பிட்டேன். சாப்பாடு அடுப்பு மேல இருக்கு, சூடு பண்ணிக்கோங்க.

என் முடக்குவாதத்துக்கு நீங்க வாங்கிக் குவிச்ச தைலம், பொடி, மீன் எண்ணெய் மாத்திரை எதையும் நான் தொடலைன்னு நேத்து குதிச்சீங்களே, அந்த மூடிகளை நீங்களே திறந்து பாருங்க. விரல் மடங்காதவங்களுக்கு மருந்து விக்கிறவன் பயில்வானுக்குன்னு மூடி போட்டிருக்கான்! உங்ககிட்ட திறந்து குடுங்கன்னு கேக்க எனக்கு ரோஷம்.

இதையெல்லாம் நம்பி டாக்டர் குடுத்த மாத்திரையை நிறுத்த மாட்டேன், அதுல பேச்சே இல்ல.

சாயங்காலம் தேனீயைக் கொட்ட வைக்கிற வைத்தியர் வர்றாராமே? முதல்ல உங்களைக் கொட்டட்டும். அலறாம இருந்தீங்கன்னா யோசிக்கிறேன்.

பின்குறிப்பு: அந்தத் தைலத்தை மட்டும் திறந்து வைங்க. நேத்து என் மூஞ்சிக்கு நேரா நீட்டினீங்களே, அந்த விரலாலதான் தேய்ச்சு விடணும்.