மாப்பிள்ளை கொடுத்த ஸ்விட்ச்

அப்பா,

உங்கள் மாப்பிள்ளை கொடுத்த பெட்டி இன்று காலை நின்றுபோனது. அம்மா போன் செய்தாள். "ஹால்ல ஏதோ தீஞ்ச வாசனை வந்துச்சு, பாட்டும் நின்னுபோச்சு. மாப்பிள்ளை ஆபீஸ் விட்டு வந்ததும் கொஞ்சம் அனுப்பி வைக்கிறியா?" என்று கேட்டாள். நான் மேடவாக்கத்தில் எங்கள் அபார்ட்மெண்ட் வாசலில் தண்ணீர் லாரிக்காரரிடம் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தேன். போனை வைத்த பிறகு அந்த மனிதரிடம் என்ன சண்டை போட்டேன் என்பதே மறந்துபோனது. ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, சேலையூருக்கு நானே வண்டியை எடுத்துக்கொண்டு வந்தேன்.

வாசனை இன்னும் ஹாலில் இருந்தது. தூசி அடைத்த சின்ன ஃபேன் மோட்டார் கருகும் வாசனை. என் வேலையில் எனக்குப் பழகிப்போன வாசனைதான். ஆனால் உங்கள் ஸ்பீக்கர்களுக்கு நடுவே நின்று அதை முகர்ந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. நீங்கள் போனதிலிருந்து அழுகை வரும்போதெல்லாம் அழுதிருக்கிறேன். கோபம் வந்தபோதெல்லாம், போனவர் மேல் என்ன கோபம் என்று விழுங்கியிருக்கிறேன். இன்றைக்கு விழுங்கப் போவதில்லை.

நான் என்ன வேலை பார்க்கிறேன் அப்பா? ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு டேட்டா சென்டரில் நெட்வொர்க் வேலை. எந்த இடத்தில் எந்த ஸ்விட்சைப் போடுவது என்று முடிவு செய்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். சுவரில் தட்டும் ஸ்விட்ச் இல்லை. ரவுட்டரிலிருந்து வரும் ஒரு வயரைப் பல வயர்களாகப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆயுள் முழுக்க டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர் நீங்கள். ஒரு அழைப்பை இன்னொரு இடத்துக்குத் திருப்பிவிடுகிற வேலையை நீங்கள் அன்று செய்தீர்கள், நான் இன்று செய்கிறேன். உங்களைப் பார்த்துத்தான் அந்தப் படிப்பையே எடுத்தேன். ஆனால் எக்ஸ்சேஞ்ச் கதைகளையெல்லாம் நீங்கள் யாரிடம் சொன்னீர்கள்? பல்லாவரத்தில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கும் உங்கள் மாப்பிள்ளையிடம். அவர் தலையை ஆட்டிக்கொண்டே போனில் கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பார். நான் காபி டம்ளரோடு பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

ரிட்டயர் ஆன பிறகு ஆசையாக, நெட்டிலிருந்து பாட்டை எடுத்துப் போடும் ஒரு ஸ்ட்ரீமரும் நல்ல ஸ்பீக்கரும் வாங்கினீர்கள். சுற்றிலும் அபார்ட்மெண்ட், ஒவ்வொரு வீட்டிலும் வைஃபை. அந்த நெரிசலில் உங்கள் பாட்டு நடுநடுவே அறுந்துபோனது. ஆலாபனை உச்சிக்குப் போகும் நேரமாகப் பார்த்து நின்றுவிடும். நீங்கள் ரிமோட்டைத் தொடையில் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். வயர் இழுத்து ஒரு ஸ்விட்ச் போட்டால் சரியாகிவிடும் என்று உங்களுக்கே தெரிந்திருந்தது. எந்த ஸ்விட்ச் என்பதுதான் கேள்வி.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் நான் உங்களுக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். என்னைத் தாண்டிப் பார்த்துக் கேட்டீர்கள். "மாப்பிள்ளை, இந்த ஸ்விட்ச் எது வாங்கினா நல்லாயிருக்கும்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். "ஃபேன் இல்லாத சின்னப் பெட்டியா பார்த்து…"

"இரும்மா. மாப்பிள்ளை சொல்லட்டும்."

மாப்பிள்ளை கை கழுவுகிற சாக்கில் எழுந்து சமையலறைக்குப் போனார். நானும் தட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். "என்ன சொல்லணும், சீக்கிரம் சொல்லு" என்றார். சொன்னேன். அஞ்சு வயர் போடுகிற மாதிரி சின்னது போதும், மெட்டல் பாடியாக இருந்தால் சூடு தாங்கும், ஃபேன் கூடாது, கண்ட விலை கொடுக்க வேண்டாம். அவர் வெளியே போய் அதையே வரிசை மாறாமல் ஒப்பித்தார். நீங்கள் தொடையைத் தட்டிச் சிரித்தீர்கள். "பார்த்தியா, விஷயம் தெரிஞ்சவர்கிட்ட கேட்டா ஒரு நிமிஷத்துல முடிஞ்சுது" என்று அம்மாவிடம் சொன்னீர்கள். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கடாயை எவ்வளவு அழுத்தித் தேய்க்க முடியும் என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது.

அதோடு விட்டீர்களா? ஆடியோ கடைக்குப் போய் ஒரு தடவை கேட்டுவிடலாம் என்று மூன்று பேருமாகப் போனோம். கடைக்காரர் உங்கள் மாப்பிள்ளையைப் பார்த்து "சார், சார்" என்றே பேசினார். பாட்டுக்கென்றே தனியாகச் செய்த ஸ்விட்ச் என்று கறுப்பாக ஒன்றை எடுத்து வைத்தார். அதன் விலையில் ஒரு ஸ்கூட்டர் வாங்கலாம். சாதாரண ஸ்விட்ச்சில் ஒரு வீணையைப் போட்டார். பிறகு இதை மாட்டி அதே வீணையைப் போட்டார். "நல்லா கேளுங்க சார், அந்த தந்தி அதிர்றது தனியா தெரியுது பாருங்க" என்றார். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு "ஆஹா" என்றீர்கள்.

நான் வீணையைக் கேட்கவில்லை. கடைக்காரர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது தடவை வால்யூமைக் கொஞ்சம் ஏற்றினார். அதைச் சொன்னேன். பாட்டு எண்களாக வருகிறது அப்பா, எண்கள் ஒழுங்காக வந்து சேர்ந்தால் பாட்டு கேட்கும், சேராவிட்டால் அறுந்துபோகும், நடுவில் இருக்கும் பெட்டி வீணைக்கு இனிமை சேர்க்காது என்றும் சொன்னேன். கடைக்காரர் சிரித்தார். "மேடத்துக்கு காது இன்னும் பழகல" என்றார். நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். "நீ சும்மா இரு பாப்பா, தெரிஞ்சவங்க பேசுறாங்கல்ல" என்றீர்கள். அந்த ஆளின் சிரிப்பை நான் அன்றைக்கே மறந்துவிட்டேன். உங்கள் சிரிப்பை மறக்க முடியவில்லை.

அந்தக் கறுப்புப் பெட்டியை வாங்கவிடாமல் தடுத்தது நான் இல்லை. அந்தப் பெருமையும் மாப்பிள்ளைக்கே போனது. "மாமா, எங்க ஆபீஸ்ல ஸ்விட்ச் மாத்தினாங்க. பழசை ஸ்டாஃப் யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம்னு சொல்லிட்டாங்க. பெரிய கம்பெனி மாடல். நான் கொண்டாந்து தரேன்" என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் தலைதலையாய் அடித்துக்கொண்டேன். அது ஆபீஸ் ரேக்கில் போடுவது, உள்ளே ஃபேன் ஓடும், பூட்டிய அறையில் யாரும் உட்காராத இடத்தில் வைப்பதற்குச் செய்தது என்றேன். "மாமா சந்தோஷமா தலையாட்டிட்டாரு, இப்ப போய் என்னத்த சொல்றது" என்றார்.

பெட்டி வந்தது. ஒரு கைக்குழந்தையைப் படுக்க வைக்கும் அளவுக்கு அகலம். ஒரு வரிசை முழுக்க வயர் போடும் ஓட்டை, உங்களுக்கு வேண்டியது மூன்று. ஆயுத பூஜை சமயம் என்பதால் அதற்குச் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, கொண்டுவந்தவருக்கு வடை பாயசத்தோடு விருந்தும் வைத்தீர்கள். கரண்ட் கொடுத்தவுடன் அது ஊளையிட ஆரம்பித்தது. கிரைண்டர் ஓடும் வீட்டில் வீணை கேட்கிற மாதிரி இருந்தது. எல்லோரும் உங்கள் முகத்தைப் பார்த்தோம். "பவரான பெட்டி, அதான் கொஞ்சம் சத்தம்" என்று சொல்லிவிட்டு வால்யூமை ஏற்றினீர்கள்.

அதற்குப் பிறகு நீங்கள் மெதுவான பாட்டே கேட்கவில்லை அப்பா. நான் கவனித்தேன். தவிலும் நாதஸ்வரமும் மட்டும் போட ஆரம்பித்தீர்கள், ஃபேன் சத்தத்தை அமுக்குவதற்கு. பாட்டு அறுந்துபோவது நின்றது உண்மைதான். ஆனால் ஒரு மிருதங்கத்தின் கடைசித் தட்டு தேய்ந்து அடங்குவதைக் கேட்பதற்காகத்தான் அவ்வளவு செலவு செய்து அந்த ஸ்பீக்கர்களை வாங்கினீர்கள். அந்த அடங்கல் உங்களுக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை.

நான் பேசாமல் இருக்கவில்லை. ஃபேன் இல்லாத, உள்ளங்கை அளவுப் பெட்டி ஒன்றை நானே வாங்கிக்கொண்டு வந்தேன். மாட்டிவிட்டுப் போகிறேன் என்றேன். நீங்கள் அதை என் கையிலிருந்து வாங்கி, அட்டையைக்கூடப் பிரிக்காமல் பீரோவில் வைத்துப் பூட்டினீர்கள். "மாப்பிள்ளை வந்து பார்த்தா என்ன நினைப்பாரு? அவர் மனசு கோணக் கூடாதும்மா" என்றீர்கள்.

என் மனசு? அதை ஏன் கேட்கவில்லை?

உங்கள் மாப்பிள்ளையிடம் கேட்டேன், நீங்களாவது அப்பாவிடம் மாற்றச் சொல்லுங்கள் என்று. "மாமாவே ஒண்ணும் சொல்லல, உனக்கு என்ன பிரச்சினை?" என்றார். அவர் வருத்தப்படுவார் என்று நீங்கள் சொல்லவில்லை, நீங்கள் வருத்தப்படுவீர்கள் என்று அவர் சொல்லவில்லை. நடுவில் அந்தப் பெரிய பெட்டி ஊளையிட்டுக்கொண்டே இருந்தது. இரண்டு ஆண்களின் மரியாதையைக் காப்பாற்றுகிற அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள்.

இன்றைக்கு அம்மாவிடம் நேராகவே கேட்டுவிட்டேன். அப்பாவுக்கு என் வேலை என்னவென்று நிஜமாகவே தெரியாதா என்று. "தெரியாம என்ன. உன்கிட்ட வேலை வாங்கினா, கட்டிக்கொடுத்த பொண்ணை இன்னும் வேலை ஏவுறாங்கன்னு உன் மாமியார் வீட்ல பேச்சு வரும். மாப்பிள்ளைகிட்ட கேட்டா அவருக்கு ஒரு மரியாதை. அதுக்குதான்" என்றாள். காரணம் கிடைத்துவிட்டது. கோபம் இறங்கவில்லை. பாத்திரம் தேய்க்கச் சொல்லும்போது வராத பேச்சு, ஸ்விட்ச் எது என்று கேட்டால் வந்துவிடுமா? மரியாதை என்று ஒன்று உங்களிடம் இருந்தது, அது முழுவதையும் அவருக்கே கொடுத்தீர்கள். கொஞ்சம் எனக்கும் கொடுத்திருந்தால் அவருக்கு என்ன குறைந்துபோயிருக்கும்?

பீரோவைத் திறந்து அந்தச் சின்னப் பெட்டியை எடுத்து மாட்டினேன். ஐந்து நிமிட வேலை. அம்மா ஹாலில் வந்து நின்று, "சத்தமே இல்லையே, ஓடுதா?" என்று கேட்டாள். ஓடுகிறது என்றேன். வீணை ஒன்றைப் போட்டேன். அம்மா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இன்னொன்றும் இருக்கிறது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

நெஞ்சு வலி என்று உங்களை நான் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது ஒரு வெள்ளிக்கிழமை மதியம். அடைப்பு இருக்கிறது, உடனே ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்றார் டாக்டர். "மாப்பிள்ளை வரட்டும்" என்றீர்கள். பல்லாவரத்தில் சந்தை நாள். அவர் வண்டி நகரவே இல்லை. அம்மா வெளியே பெஞ்சில் இருந்தாள். உங்களை உள்ளே தள்ளிக்கொண்டு போக ஆட்கள் வந்தார்கள். நீங்கள் வாசல் பக்கம் பார்த்தீர்கள். யாரும் வரவில்லை. அப்புறம் என் கையைப் பிடித்தீர்கள்.

"நான் பொழைச்சுப்பேனா பாப்பா?"

எனக்கு எது தெரியும் என்று உங்களுக்குத் தெரியும். அதைப் பற்றி ஒரு நாளும் கேட்காதவர், எனக்கு ஒன்றுமே தெரியாத ஒன்றை அன்றைக்குக் கேட்டீர்கள். நான் தயங்கவில்லை. ஃபேன் இல்லாத பெட்டி போதும் என்று சொன்ன அதே குரலில் சொன்னேன். "ஒண்ணும் ஆகாதுப்பா. நான் சொல்றேன்ல."

மாப்பிள்ளை சொல்லட்டும் என்று நீங்கள் சொல்லவில்லை. சும்மா இரு என்று சொல்லவில்லை. தலையை ஆட்டினீர்கள். முகத்தில் இருந்த பயம் போய்விட்டது, நான் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு என் கையை விட்டீர்கள்.

இத்தனை வருடம் எதற்கு ஏங்கினேனோ அதைக் கடைசியில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். எங்கே போனாலும் அது என்னோடு வருகிறது. இறக்கி வைக்க இடமில்லை அப்பா. நான் சொன்னதை நீங்கள் அப்படியே நம்பியது அந்த ஒரு தடவைதான். அந்த ஒரு தடவைதான் நான் சொன்னது தப்பாகப் போனது.